மீட்புக் கட்டணத்துக்கு அஞ்சி 999-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்

பினாங்கில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் நான். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, தாவரவியல் பூங்கா வழியாகக் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) நடந்து ஏறிய, ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கே அவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்துவிட்டன. நான்கு மணிக்குப் பேச்சு குழறியிருக்கிறது. உடன் சென்றவர்கள் மலேசியாவின் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்ததோ ஐந்தரை மணிக்கு. ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "ஹெலிகாப்டர் வந்தால் ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வார்களாம், டாக்டர். கொஞ்சம் தெளிந்ததும் நாங்களே இறக்கிவிடலாம் என்று இருந்துவிட்டோம்" என்றார் அவர்களில் மூத்தவர். இந்தப் பதிலை நான் கேட்பது இது முதல் முறையன்று.

அவருக்கு வந்தது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி மனம் குழம்பிவிட்டால், அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்விக்க முயல வேண்டும் என்பதே எங்கள் பாடம். அவருக்கோ தசைகள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் தேவைப்பட்டது.

ஒவ்வொரு மீட்புச் செய்திக்குப் பிறகும், "செலவை அவர்களே கட்டட்டும், அப்போதுதான் கவனமாக ஏறுவார்கள்" என்ற குரல் எழுகிறது. மீட்புப் படையினர் சேறு படிந்த காலணிகளோடு எங்கள் வாசலில் களைத்து உட்காருவதைப் பார்ப்பவன் என்பதால், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எண்ணம் தவறானது. விழுவோம் என்று நினைத்துக்கொண்டு யாரும் மலையேறுவதில்லை. சனிக்கிழமை இரவு பையை அடுக்கும்போது ஒருவருக்கு மீட்புக் கட்டணம் நினைவுக்கு வராது. கால் பிசகிய பிறகு, நண்பர் மயங்கிய பிறகுதான் அது வரும். கவனத்தை ஊட்ட வேண்டிய வேளையில் அந்தப் பயம் இருப்பதில்லை, உதவி கேட்க வேண்டிய வேளையில் வந்து வாயை அடைக்கிறது. வெளிச்சத்தில் முடிந்திருக்க வேண்டிய மீட்பு இருட்டுக்குத் தள்ளிப்போகிறது. மழையில் வழுக்கும் வேர்களின் மேல் கைமாற்றிக் கைமாற்றி ஸ்ட்ரெச்சரைச் சுமப்பவர்களின் உயிருக்கும் ஆபத்து கூடுகிறது. செலவும் சேர்ந்தே கூடுகிறது. அமெரிக்காவின் மலை மீட்புச் சங்கம் மீட்புக் கட்டணத்தை எதிர்ப்பதற்கும் இந்தத் தாமதமே காரணம்.

கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் அலட்சியமாக நடந்துகொண்டவர்களிடம் செலவைக் கேட்கிறது. அங்கேயே 2015 முதல், 25 டாலர் கொடுத்து முன்கூட்டியே ஓர் அட்டை வாங்கியவர்களுக்கு அலட்சியத்துக்கான அந்தச் செலவிலிருந்து விலக்கும் இருக்கிறது. ஜப்பானின் சைதாமா வட்டாரம் 2018 முதல் குறிப்பிட்ட மலைப்பகுதிகளில் ஹெலிகாப்டர் மீட்புக்குக் கட்டணம் வாங்குகிறது. நம் கினபாலு மலையில் ஏறுபவர்களுக்குக் காப்புறுதி கட்டாயம். பணம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், கினபாலுவைப் போல ஏறுவதற்கு முன்பே வாங்கட்டும் என்பேன்.

அனுமதியின்றி நிரந்தர வனக்காப்பகத்துக்குள் நுழைபவர்களுக்கு, 1984-ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டத்தின்படி 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். அதைத் தயக்கமின்றிச் செயல்படுத்தட்டும். சட்டத்தை மீறியதற்கான தண்டனை வேறு, உயிர் காக்கும் அழைப்புக்கு விலை வைப்பது வேறு. மது அருந்தி வண்டியோட்டி அடிபட்டு வருபவரிடம்கூட, முதலில் காயத்தைத்தான் பார்க்கிறோம். வழக்கைக் காவல்துறை பார்த்துக்கொள்ளும்.

மலையேறுபவர்களே, எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். விடியலில் ஏறத் தொடங்குங்கள். ஏழரை மணிக்குத்தான் சூரியன் மறையும் என்று எண்ணாதீர்கள். மரங்களுக்கடியில் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும். ஒரு போத்தல் தண்ணீரோடு கொடிமலைக்கு நடப்பதை நிறுத்துங்கள். தலைவிளக்கும் ஊதலும் பையிலேயே இருக்கட்டும்.

உடன் வந்தவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, கைப்பேசியில் மின்கலம் இருக்கும்போதே 999-ஐ அழையுங்கள். அழைத்ததற்காக நம் நாட்டில் உங்களிடம் யாரும் கட்டணம் கேட்பதில்லை. பாதையின் பெயரையும், கடைசியாகக் கடந்த அடையாளத்தையும் சொல்லுங்கள். பிறகு அவரை நடக்க வைக்காமல், நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், தயவுசெய்து.