அப்பத்தாவின் கையில் பச்சை நிலைத்தது எப்படி?

தேவகோட்டையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் அப்பத்தா சென்ற தை மாதம் காலமானார்கள். அவர்கள் இடக்கையில் சிறு வயதில் குத்திய புள்ளிக் கோலம் ஒன்று இருந்தது. கருமாதி முடிந்த மறுவாரம், பேரன் பேத்திகள் ஐந்து பேரும் காரைக்குடிக்குப் போய் அதே கோலத்தைப் பச்சை குத்திக்கொண்டோம். தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிறது என்கிறார்களே, அப்பத்தாவின் பச்சை மட்டும் கடைசிவரை எப்படி அழியாமல் இருந்தது?"

உதிர்வது மேல்தோல் மட்டுமே. ஊசி அதைத் தாண்டி, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உட்தோலில் மையைச் சேர்க்கிறது. பள்ளிப் பாடத்தோடு நின்றால் விடை இவ்வளவுதான். ஆனால் உட்தோலும் உயிருள்ள இடம். அங்கே நுழையும் அந்நியப் பொருளை உடல் சும்மா விடுவதில்லை.

கிருமிகளை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் நம் உடலில் உள்ளன என்று 1882-இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் நட்சத்திர மீனின் இளம் உயிரிகளைக் கொண்டு கண்டறிந்த உயிரியலாளர் மெச்னிகாஃப், அதற்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த இனத்தைச் சேர்ந்த பெருவிழுங்கிகள், ஊசி குத்திய உடனே ஓடிவந்து மையிலுள்ள கரித்துகள்களை விழுங்குகின்றன. கரியைச் செரிக்க அவற்றால் முடியாது. வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. நாம் பார்க்கும் கோலம் அந்த உயிரணுக்களுக்குள்தான் இருக்கிறது.

அந்த உயிரணுவும் ஒருநாள் இறக்குமே, அப்போது கோலம் என்ன ஆகும்? 2018-இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள், எலிகளின் வாலில் பச்சை குத்தி, மையைச் சுமந்த பெருவிழுங்கிகளை மட்டும் கொன்றார்கள். பச்சையில் மாற்றமே தெரியவில்லை. இறந்த உயிரணு விட்டுச்சென்ற துகள்களை, இரத்தத்திலிருந்து புதிதாக வந்த பெருவிழுங்கிகள் அதே இடத்தில் எடுத்து விழுங்கியிருந்தன. பச்சை குத்திய தோலை வேறொரு எலிக்கு ஒட்டிப் பார்த்தபோது, ஆறு வாரங்களில் பெரும்பாலான துகள்கள் அந்தப் புதிய எலியின் சொந்த உயிரணுக்களுக்குள் போய்ச் சேர்ந்திருந்தன. மாமியாரின் இடுப்பிலிருந்து மருமகளின் இடுப்புக்கு மாறும் சாவிக்கொத்தைப் போல, சுமப்பவர் போய்க்கொண்டே இருக்க, சுமை மட்டும் வீட்டைவிட்டு வெளியேறாமல் கைமாறுகிறது! உடலியலில் இதைவிட அழகான செய்தியை நான் படித்ததில்லை.

குத்தியது கரிய மைதான் என்றாலும் அதைப் பச்சை என்கிறோம். சிவப்பொளி தோலுக்குள் ஆழமாகச் சென்று கரியால் உறிஞ்சப்படுகிறது. நீலமும் பச்சையும் மேலடுக்குகளிலேயே சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகின்றன. கைநரம்பு பச்சையாகத் தெரிவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான்.

செத்த பின் கூட வருவது பச்சை மட்டும்தான் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் எரியூட்டிய சாம்பலை மையில் கலந்து குத்திக்கொள்ளும் புதிய வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். தூய்மை செய்யப்படாத துகள்களை உட்தோலுக்குள் செலுத்துவது சீழுக்கும் ஒவ்வாமைக்கும் வழி திறப்பதாகும். நம் மாநிறத் தோலில் இந்த மைகள் பல ஆண்டுகளில் என்ன செய்கின்றன என்பதை நம் ஊரிலேயே ஆராயப் பணம் ஒதுக்க வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. தோல் ஆய்வுக்கும் அப்படி ஒரு கை நீள வேண்டும் என்பது என் ஆசை.

வாசகிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில துகள்கள் சற்றே விலகிப்போகின்றன. சில நிணநீரோடு கலந்து நிணநீர் முடிச்சுகளில் தங்கிவிடுகின்றன. அதனால்தான் முதியவர்களின் பச்சையில் கோடுகள் தடித்து, ஓரங்கள் மங்கியிருக்கும். இன்று உங்கள் ஐவர் கையிலும் கூர்மையாக நிற்கும் புள்ளிகள், உங்களுக்கு நரை விழும் காலத்தில், அப்பத்தாவின் கையில் நீங்கள் பார்த்த அதே மங்கலுக்கு வந்திருக்கும்.