அலறல் எங்கிருந்து வருகிறது?

1979-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இரவு விடுதி வியாபாரம் இல்லாமல் திணறிக்கொண்டிருந்தது. அதை நடத்திய சோமன் பானர்ஜி இந்தியாவிலிருந்து குடியேறியவர். என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, கடைசியில் பெண்களுக்கென்று ஒரு காட்சியை வைத்தார். ஆண்கள் ஆடிக்கொண்டே ஆடை களைவார்கள். வெற்று மார்பு, கழுத்தில் வெள்ளைக் காலரும் பட்டாம்பூச்சி வடிவக் கறுப்பு டையும், மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை. ‘சிப்பண்டேல்ஸ்’ பிறந்தது இப்படித்தான். இன்று கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு இப்படி ஒரு காட்சிக்குப் போய்வருவது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சாதாரணம்.

மேடையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு ஆர்வம் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் மீதுதான். அங்கே கேட்பது அலறலும் சிரிப்பும். ஆசையில் கத்துகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சட்டென்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவ்வளவு எளிதல்ல.

முதலில் அலறல். சாதாரணப் பேச்சில் ஒலியின் அளவு நொடிக்கு நாலைந்து முறை ஏறி இறங்கும். அலறலில் அது 30 முதல் 150 முறை வரை நடக்கிறது. இந்தக் கரகரப்பு மூளையின் அச்ச மையமான அமிக்டலாவை உசுப்புகிறது என்று 2015-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அலறல் எல்லாமே அபாயக் குரல் இல்லை. ஜூரிச் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2021-இல் வலி, கோபம், பயம், துயரம், இன்பம், மகிழ்ச்சி என ஆறு வகையைப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அபாய அலறலைவிட மகிழ்ச்சி அலறலைத்தான் கேட்பவர்கள் வேகமாகவும் சரியாகவும் கண்டுகொண்டார்கள். அரங்கில் ஒருத்தி கத்தினால் பக்கத்து மேசைக்கு விளக்கம் தேவைப்படாது.

கைதட்டலோ ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மானும் சக ஆய்வாளர்களும் மாணவர் கூட்டங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். ஒருவர் தட்டத் தொடங்குவதை முடிவு செய்தது அறையில் எத்தனை பேர் ஏற்கெனவே தட்டுகிறார்கள் என்பதே. நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். அதனால்தான் முதல் ஆட்டக்காரர் வருவதற்கு முன்பே அறிவிப்பாளர் “சத்தம் போதவில்லை” என்று கூட்டத்தைக் கத்தச் சொல்கிறார்.

அப்புறம் சிரிப்பு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல 30 மடங்கு, மற்றவர்களோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்று கணக்கிட்டவர் உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன். சேர்ந்து சிரித்தால் வலி தாங்கும் திறன் கூடுகிறது என்று ராபின் டன்பாரின் குழு 2011-இல் காட்டியது. நண்பர்களோடு சிரித்த பிறகு மூளையில் இயற்கையான ஓபியாய்டுகள் (வலியைத் தணித்து இதம் தரும் வேதிப்பொருள்கள்) சுரப்பதை 2017-இல் ஃபின்லாந்தில் ஸ்கேன் மூலமே பார்த்தார்கள். அதில் கலந்துகொண்ட 12 பேரும் ஆண்கள். பெண்கள் கூடிச் சிரிப்பதைப் புரிந்துகொள்ளவும் ஆண்களின் மூளையைத்தான் நாட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சரி, ஆசை? மெரிடித் சிவர்ஸும் சக ஆய்வாளர்களும் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பாலியல் காட்சிகளைப் பார்க்கும்போது உடலில் பதிவாகும் கிளர்ச்சியும், “கிளர்ச்சி அடைந்தேன்” என்று அவர்களே சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது கேள்வி. முழுப் பொருத்தம் 1 என்றால், ஆண்களிடம் 0.66, பெண்களிடம் 0.26. உடலை அளக்கும் கருவியாலேயே ஒரு பெண்ணின் மனதைப் படிக்க முடியவில்லை. அலறலை வைத்து எப்படிப் படிப்பது? சிலருக்கு அங்கே ஆசை இருக்கலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த இரவின் பெரும்பகுதி மேசையைச் சுற்றி, தோழிக்கும் தோழிக்கும் இடையில் நடக்கிறது என்றே நான் நினைக்கிறேன். மேடையைப் பார்த்துக் கத்திய மறுநொடி அவர்கள் திரும்புவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத்தான்.

ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் இந்தச் சத்தத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கூட்டத்தின் உற்சாகத்தில் ஆட்டக்காரரின் உடம்பில் கை வைக்கும்போது அவர் சம்மதித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணப் பெண்ணை மேடைக்கு இழுத்து நாற்காலியில் உட்கார வைக்கும்போதும் அதே கதை. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். சந்தோஷத்திலும் சிரிப்பு வரும், கூச்சத்திலும் வரும். கீழே தோழிகள் இன்னும் பலமாகக் கத்துகிறார்கள். அவளுடைய சிரிப்பு எந்தச் சிரிப்பு என்பது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்பதில்லை.