பெரிய செடான்: ஓடிய தூரமும் கழிந்த காலமும்

ஒரு காரைப் பெரிய கார் என்று எதை வைத்துச் சொல்வது? நீளத்தை வைத்து என்றுதான் முதலில் தோன்றும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நீளத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆட்கள் உட்காரும் இடத்தின் கன அளவையும் டிக்கியின் கன அளவையும் கூட்டிப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து 120 கன அடியை, அதாவது ஏறக்குறைய 3,400 லிட்டரைத் தொட்டுவிட்டால் அது பெரிய கார். 110-க்கு மேல் 120-க்குள் நின்றால் நடுத்தரம். அதுவரை நடுத்தரக் காராகவே இருந்த ஹோண்டா அக்கார்டு, 2008 மாடலில் பெரிய கார் பட்டியலுக்குப் போனது இந்தக் கணக்கால்தான். வெளியே நீண்டு தெரியும் சில சொகுசுக் கார்கள் நடுத்தரத்திலேயே நின்றுவிடுவதும் இதனால்தான்.

குடும்பத்துக்கு வாங்குபவருக்கு இந்த லிட்டர் கணக்கு உதவும். ஆனால் பெரிய செடானில், அதாவது டிக்கி தனிப் பெட்டியாகப் பின்னால் நீண்டிருக்கும் காரில், போய் இறங்கியவர்கள் அலுப்பே தெரியவில்லை என்று சொல்வதற்குக் காரணம் வேறு. அது வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம். பெரிய செடான்களில் இது 2.8 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை இருக்கும். ஒரே உயர மேட்டில் முன்சக்கரம் ஏறும்போது, நீளமான கார் குறைந்த கோணத்தில்தான் சாயும். பின்சீட்டும் பின் அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளி அமைகிறது. சிறிய காரில் பின்சீட்டுக்காரர் ஏறக்குறைய சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். குழியில் விழுந்த அதிர்ச்சி முழுதும் அவர் இடுப்புக்குத்தான்.

இதில் நேரக் கணக்கும் ஒன்று உண்டு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். வீல்பேஸ் 2.9 மீட்டராக இருந்தால், முன்சக்கரம் ஏறிய மேட்டில் பின்சக்கரம் ஏறுவது ஏறக்குறைய ஏழில் ஒரு நொடி கழித்து. முன்பக்கம் ஆடத் தொடங்கிய பிறகுதான் பின்பக்கம் ஆடத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே தாளத்தில் ஆடினால் இந்த முன்பின் வித்தியாசம் தீராது. கார் மூக்கைத் தூக்கித் தூக்கித் தாழ்த்தும். வயிற்றைக் குமட்டுவது அந்த ஆட்டம்தான். 1930களின் தொடக்கத்தில் ரோல்ஸ் ராய்ஸிலிருந்து காடிலாக் கார் நிறுவனத்துக்கு வந்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், எடைக்கற்களை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரைக் கட்டினார். பயணச் சுகத்தை அளக்க அப்போது கருவி கிடையாது. ஆட்கள் ஏறி உட்கார்ந்து ஓட்டி, உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். பின் ஸ்பிரிங்குகளை முன் ஸ்பிரிங்குகளைவிடச் சற்று வேகமாக ஆடும்படி வைத்தால், தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் ஓரிரு ஆட்டத்துக்குள் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடுகிறது என்று தெரிந்தது. அப்புறம் கார் முழுதும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வரும். அந்த ஆட்டத்தை மனித உடம்பு தாங்கிக்கொள்ளும்.

பழைய கார் பார்க்கப் போகும்போது இது நேரடியாக வேலைக்கு வரும். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் போகும்போது ஆட்டம் வெப்பமாக மாறி அடங்குகிறது. அதன் சீல் கசிந்தாலோ, சஸ்பென்ஷன் கைகளைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள் வெடித்தாலோ மேலே சொன்ன நுணுக்கமெல்லாம் போய்விடும். ஓட்டுநர் இருக்கையில் இது அவ்வளவாகத் தெரியாது. அதனால் வீட்டில் ஒருவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். கார் ஒருமுறை அமுங்கி எழுந்து நின்றுவிட வேண்டும். இரண்டாவது முறையும் மூக்கை ஆட்டினால் பின்சீட்டுக்காரர் முகமே சொல்லிவிடும்.

சரி, புதிதா, செகண்ட் ஹேண்டா? விலை எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். புதுக் காரின் விலையை 100 என்றும், ஒவ்வொரு ஆண்டும் அப்போதைய மதிப்பில் 15 சதவீதம் குறைகிறது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டில் அது 61 ஆகும், ஆறு ஆண்டில் 38. முதல் மூன்றில் 39 போகிறது, அடுத்த மூன்றில் 23. நிஜத்தில் முதல் ஆண்டு இறக்கம் இதைவிடச் செங்குத்தாகவே இருக்கும். அதற்குக் காரணத்தை 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் விளக்கினார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர், குறை இருக்கக்கூடும் என்று நினைத்தே விலை பேசுகிறார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் விற்காமல் இருந்துவிடுகிறார். சந்தையில் மோசமான கார்களின் பங்கு கூடுகிறது, விலை இன்னும் இறங்குகிறது. இந்த வகை ஆய்வுக்காக 2001-இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. இதிலிருந்து வாங்குபவருக்குக் கிடைக்கும் பாடம் எளிது: சர்வீஸ் ரசீதுகள் முழுமையாக உள்ள காருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. அந்தக் காகிதக் கட்டு, விற்பவருக்கு மட்டும் தெரிந்ததை உங்களுக்கும் சொல்கிறது.

பெரிய செடானுக்கு இந்த இறக்கம் இன்னும் கூடுதல். குடும்பங்கள் எஸ்.யு.வி. பக்கம் போய்விட்டன. வட அமெரிக்காவில் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா 2011-லும், செவ்ரோலே இம்பாலா 2020-லும், டொயோட்டா அவலான் 2022-லும் உற்பத்தி நின்றன. கேட்பார் குறைந்தால் விலை குறையும். அதனால் கொடுக்கும் பணத்துக்கு நிறைய கார் கிடைப்பது இந்த வகையில்தான். ஆனால் பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. காரின் விலைதான் இறங்குகிறது, அதைப் பராமரிக்கும் செலவு இறங்குவதில்லை. உதிரிபாகம் இன்னமும் விலை உயர்ந்த காரின் உதிரிபாகம்தான். எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்ட வி6 காரில் (இரண்டு வரிசையில் மும்மூன்று சிலிண்டர் உள்ளது) பின்வரிசை ஸ்பார்க் பிளக் மூன்றும் பல மாடல்களில் காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதிக்கு அடியில் ஒளிந்திருக்கும். பிளக் மாற்ற அதையெல்லாம் கழற்ற வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் காற்றுப் பை. சில ஆண்டுகளில் ரப்பரில் வெடிப்பு விடும். இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை தாழ்ந்து நின்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உற்பத்தி நின்ற மாடல் என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. அவலானின் அடித்தளம் கேம்ரியோடு பொதுவானது. இப்படி நிறைய விற்ற இன்னொரு காரோடு எஞ்சினும் அடித்தளமும் பொதுவாக இருந்தால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்காது.

எந்த வயதுக் காரை வாங்கலாம் என்பதற்கு நம்பகத்தன்மைப் பொறியியலில் ஒரு படம் போடுவார்கள். பழுது விகிதம் தொடக்கத்தில் உயர்ந்திருக்கும், அப்புறம் தாழ்ந்து சமமாக ஓடும், கடைசியில் மறுபடி ஏறும். பார்க்கக் குளியல் தொட்டியின் வெட்டுத்தோற்றம் போலிருப்பதால் குளியல் தொட்டி வளைவு என்றே அதற்குப் பெயர். தொடக்க உயரத்துக்குக் காரணம் தயாரிப்புக் குறைகள், கடைசி ஏற்றத்துக்குக் காரணம் தேய்மானம். மூன்றிலிருந்து ஐந்து வயதுள்ள கார் பெரும்பாலும் தொட்டியின் தரையில் நிற்கிறது. விலையின் செங்குத்துப் பகுதியை வேறொருவர் ஏற்கெனவே சுமந்துவிட்டார். என்னைக் கேட்டால், நாலைந்து ஆண்டில் கார் மாற்றுகிறவருக்கு இந்த வயதுக் கார்தான் சரி. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்து ஓட்டப் போகிறவர் புதிதே வாங்கலாம், முதல் ஆண்டு இழப்பு அத்தனை ஆண்டுக்கும் பரவிவிடும். புதிய தலைமுறை மாடல் வெளிவந்த முதல் ஆண்டு மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.

இனி ஓடோமீட்டர், அதாவது ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர். விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "பெரியவர் ஒருவர் வைத்திருந்தார், கடைக்குப் போய் வருவதற்கு மட்டும்தான் எடுப்பார்." எஞ்சின் பார்வையில் இதைவிடக் கொடுமை கிடையாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்குக் கசிகிறது. அங்கே எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீர்த்துளியாகி எண்ணெயில் கலக்கிறது. எரியாத பெட்ரோலும் கூடவே சேரும். எண்ணெய் நன்றாகச் சூடேறி சில நிமிடமாவது ஓடினால்தான் இவை ஆவியாகி வெளியேறும். மூன்று கிலோமீட்டர் போய் அணைத்தால் அந்தச் சூடே வராது. எண்ணெய் நீர்த்துப்போகிறது, அமிலத்தன்மை ஏறுகிறது. ஐந்து ஆண்டில் 20,000 கிலோமீட்டர் மட்டுமே இப்படி ஓடிய காரைவிட, நெடுஞ்சாலையில் 80,000 ஓடிய காரின் எஞ்சின் நல்ல நிலையில் இருப்பது சாதாரணம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினாகவே ஓடிய காரில் வெளிர்மஞ்சளாகப் பாலேடு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். எண்ணெய் அளவு பார்க்கும் ஆழக்கோலிலும் எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளே இறங்கியிருக்கலாம். அது வேறு கதை, செலவும் பெரியது.

எண்ணெய் தூரத்தாலும் கெடும். ஆனால் கார் நின்றாலும் ஓடினாலும் வெறும் காலத்தால் கெடுபவை தனி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறியபின் அந்த வரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கனமான செடானில் குடும்பத்தோடு மலைச்சரிவில் இறங்கும்போது பிரேக் சூட்டில் அது கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. டயருக்கும் வயது உண்டு. பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. குறைவாக ஓடிய கார் என்று சொல்லப்படும் வண்டியில் டயர்கள் காரைவிட நாலு வயது இளையவையாக இருந்தால் காரணம் கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தாலும், ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்பு நசுங்கியிருந்தாலும் ஓடோமீட்டரை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் ஓ.பி.டி. என்ற பழுதறியும் இணைப்பு கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். சின்னக் கருவி ஒன்றைச் செருகினால் பழுதுக் குறியீடுகள் வரும். குறியீடு ஒன்றுமே இல்லை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். எஞ்சின் விளக்கு எரிந்த காரில் முந்தின நாள் குறியீடுகளை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் அழித்த கையோடு, கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகளும் 'முடியவில்லை' என்று மாறிவிடும். பலவிதமாக ஓட்டினால்தான், சில சமயம் பல நாள் ஓட்டினால்தான், அவை மறுபடி நிறைவேறும். கருவியில் அந்தச் சோதனைகளைக் காட்டும் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பாதிச் சோதனைகள் முடியாமல் நின்றால், பேட்டரியைச் சமீபத்தில் கழற்றினார்களா, இல்லை எதையாவது மறைக்கிறார்களா என்று கேட்கலாம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஒரு சின்ன சோதனை போதும்: பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றுங்கள், ஒரு நொடிக்கு மேல் யோசித்தாலோ 'டொக்' என்று இடித்தாலோ மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்க வேண்டாம். வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுங்கள். துடைத்துச் சுத்தம் செய்கிறவர்கள் கடைசி அரை மீட்டரை மறந்துவிடுவார்கள், சேற்றுக்கோடு அங்கே இருக்கும்.

பாதுகாப்பில் மட்டும் புதுக் காரின் பக்கம் தராசு சாய்கிறது. சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் போட்டு வண்டியை நேராக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து கட்டாயமானது. அதே 2012-இல் அங்குள்ள காப்பீட்டாளர்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம், முன்பகுதியின் கால்வாசி மட்டும் தடுப்பில் மோதும் சோதனையைக் கொண்டுவந்தது. முதலில் சோதித்த 11 சொகுசு, அரைச்சொகுசு நடுத்தரக் கார்களில் 3 மட்டுமே தேறின. அதன்பிறகு வடிவமைத்த உடற்கூடுகள் வேறு. பழைய கார் என்றால் தகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் விவகாரத்தையும் பார்க்க வேண்டும். அந்த ஏர்பேக்குகளை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட், ஈரத்திலும் வெப்பம் ஏறி இறங்குவதிலும் பல ஆண்டில் சிதைந்து, வெடிக்கும் நேரத்தில் அளவுக்கு மீறி வேகமாக எரிந்தது. உலோக உறை சிதறி ஆட்களைக் கொன்றது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6.7 கோடி ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. காரின் 17 எழுத்து சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்தால் மாற்றியாகிவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவும் தேறிய பிறகும் ஒரு வேலை பாக்கி. எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழல்தண்டு போகும் கார்களில் தரையின் நடுவே மேடு இருக்கும், மூன்றாமவர் கால் வைக்க இடமிருக்காது. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கார்களில் அது சிறிது. செடானின் டிக்கி லிட்டரில் தாராளமாக இருக்கும், வாய் குறுகலாக இருக்கும். குழந்தைகளின் பாதுகாப்பு இருக்கைகளையும் தள்ளுவண்டியையும் கையோடு கொண்டுபோய், விலை பேசுவதற்கு முன்பே உள்ளே வைத்துக் கதவையும் டிக்கியையும் மூடிப் பாருங்கள்.