காய்வது வேறு, இறுகுவது வேறு

நகப்பூச்சு காய்ந்து ஒரு வாரம் ஆன பிறகும், பஞ்சில் ரிமூவரை நனைத்துத் துடைத்தால் கரைந்து வந்துவிடுகிறது. ஜன்னல் கம்பியில் அடித்த எனாமல் அப்படி வராது. ஆனால் மிச்சமான எனாமல் டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்துவிட்டால், பாலின் மேல் ஆடை படிவதுபோல ஒரு தோல் கட்டியிருக்கும். அதைக் கிழித்தால் அடியில் பெயின்ட் திரவமாகவே இருக்கும். அரால்டைட்டின் இரண்டு ட்யூபையும் பிதுக்கிக் கலந்துவிட்டாலோ, காற்றுப் பட்டாலும் படாவிட்டாலும் அது கல்லாகிவிடும்.

மூன்றையும் நாம் "காய்ந்துவிட்டது" என்றே சொல்கிறோம். உண்மையில் அங்கே நடப்பவை மூன்று வெவ்வேறு வேலைகள். பழைய அமெரிக்க மசில் கார் ஒன்றை வீட்டு கராஜில் நிறுத்தி, தானே பெயின்ட் அடித்து, கதவில் பெயரும் எழுத ஆசைப்படுகிறவர் இந்த மூன்றையும் ஒரே காரின் மேல் அடுக்கடுக்காகச் சந்திக்கிறார். எதன்மேல் எது உட்காரும், எது எதைச் சுருட்டிக் கிளப்பிவிடும் என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்ததுதான். ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கும் கைவாகு பழகப் பழக வந்துவிடும். இது தெரியாமல் எவ்வளவு பழகினாலும் பெயின்ட் காலை வாரிவிடும்.

மசில் கார் என்றால், நடுத்தர அளவுக் காரின் உடலுக்குள் பெரிய காரின் வி8 இன்ஜினை இறக்கிய வண்டி. ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு 1964இல் 389 கன அங்குல இன்ஜினோடு, அதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர், ஜிடிஓவைக் கொண்டுவந்தது. அந்த அலை அங்கிருந்துதான் பெரிதாக எழுந்தது. நாம் 1969ஆம் ஆண்டு ஜிடிஓ ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆலையிலிருந்து வந்தபோது அதன் உடம்பில் இருந்தது அக்ரிலிக் லாக்கர்.

லாக்கரும் நகப்பூச்சும் ஒரே குடும்பம். நீளமான பாலிமர் சங்கிலிகளை ஆலையிலேயே செய்து முடித்து, தின்னரில் கரைத்து டப்பாவில் அடைத்திருப்பார்கள். கார் மேல் அடித்ததும் தின்னர் ஆவியாகிப் போகிறது, சங்கிலிகள் இடியாப்பம்போல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கின்றன. அவ்வளவுதான். ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. அதனால் தின்னர் மறுபடி பட்டால் மறுபடி கரையும், சூடு பட்டால் இளகும்.

இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். 1920களின் தொடக்கம் வரை காருக்கு நிறம் அடிப்பது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. எண்ணெய் வார்னிஷ் ஒவ்வொரு கோட்டும் காயக் காத்திருக்க வேண்டும். 1924ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்கள், டூபான்ட் கம்பெனியின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் நீலமாக வந்தபோதுதான் அந்தக் காத்திருப்பு உடைந்தது. அதற்குப் பின்னால் வந்த அக்ரிலிக் லாக்கரில் ஜெனரல் மோட்டார்ஸ் இன்னும் அழகான ஒரு வேலை செய்தது. காரை அடுப்பில் சுட்டு, குறைகளைத் தேய்த்து, மறுபடி அடுப்பில் வைத்தால் லாக்கர் இளகி ஓடித் தேய்த்த கோடுகளைத் தானே மூடிக்கொள்ளும். இறுகிய பெயின்டில் இது நடக்காது.

1960களில் கலிபோர்னியாவின் கஸ்டம் பெயின்டர்கள் காட்டிய சிலந்திவலை வித்தையும் இதே காரணத்தால்தான். தின்னர் போதாத கெட்டி லாக்கரைக் கன்னில் ஊற்றி அடித்தால் அது துளியாக உடையாமல் நூல் நூலாக வந்து விழும். சங்கிலிகள் ஏற்கெனவே நீளமாக இருப்பதால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன. இன்று நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை எவ்வளவு கெட்டியாக அடித்தாலும் அந்த வலை கிடைக்காது. அதன் மூலக்கூறுகள் டப்பாவில் இருக்கும்போது குட்டையானவை.

ஆக, பழைய ஜிடிஓவைத் தொடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை ஒரு சின்னச் சோதனை. கதவின் உள்விளிம்புபோலக் கண்ணில் படாத இடத்தில், லாக்கர் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் நிறம் ஏறினால் அடியில் இருப்பது லாக்கர், அல்லது இறுகாத ஏதோ ஒன்று. அதன்மேல் நேராகப் புதுப் பெயின்டை அடித்தால், புதியதில் உள்ள கரைப்பான் பழையதற்குள் இறங்கி அதை ஊறவைக்கும். பழைய உப்புத்தாள் கோடுகள் எல்லாம் பெருத்து மேலே தெரியும். சில இடங்களில் பெயின்டே கிளம்பிவிடும். ஐம்பது வருட லாக்கரில் மயிரிழை வெடிப்புகளும் இருக்கும். பிணைப்பு இல்லாத சங்கிலிகள் வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கிக் கடைசியில் விட்டுக்கொடுத்த இடங்கள் அவை. வெடிப்புக்கு மேல் என்ன அடித்தாலும் வெடிப்பு மேலே வரும். என் கருத்தில், இந்த நிலையில் உள்ள காரை இரும்பு வரை உரிப்பதுதான் சரி. உரித்த இரும்புக்கு எபாக்ஸி பிரைமர். அது அரால்டைட்டின் உறவு, இரண்டு திரவம் கலந்து இறுகுவது. அதற்கு மேல் வருகிற தின்னர் எதுவும் அதை அசைக்காது.

அதன் மேல் நிறம் கொடுக்கும் பேஸ் கோட். இதுவும் பெரும்பாலும் லாக்கர் மாதிரியே கரைப்பான் பறந்து காய்வது. மெட்டாலிக் நிறமென்றால் அதற்குள் அலுமினியச் செதில்கள் மிதந்துகொண்டிருக்கும். கரைப்பான் பறக்கப் பறக்கப் படலம் மெலிந்து இறங்கும். அந்த இறக்கம் செதில்களை அழுத்திப் படுக்கவைக்கிறது. எல்லாச் செதிலும் ஒரே மாதிரி படுத்தால்தான் ஒளி ஒரே மாதிரி திரும்பும். ஓரிடத்தில் அதிக ஈரமாக அடித்துவிட்டால் செதில்கள் நகர்ந்து கண்டபடி நிற்கும், அங்கே மட்டும் மேகம்போலக் கருமை தட்டும். கேண்டி நிறத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். வெள்ளி அல்லது தங்க நிற அடிக்கோட்டின் மேல், கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் சிவப்பைப் பல முறை அடிப்பது அது. ஒளி அந்தச் சிவப்பின் வழியே உள்ளே போய், அடியில் பட்டு, அதே சிவப்பின் வழியே திரும்புகிறது. எனவே ஒரு கோட் கூடினால் நிறம் இரண்டு முறை வடிகட்டப்படுகிறது. கை தடுமாறி ஓரிடத்தில் ஒரு பூச்சு அதிகம் விழுந்தால் அது பட்டையாகத் தெரிந்துவிடும். முதல் காரிலேயே கேண்டி அடிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

காய்ந்த பெயின்ட் வழவழப்பாக இல்லாமல் ஆரஞ்சுப் பழத்தின் தோல்போல மேடுபள்ளமாக நிற்பதை ஆரஞ்சுத் தோல் என்பார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். வீட்டில் அடிக்கிறவர்களை அதிகம் வருத்துவது அதுதான். கன்னிலிருந்து வரும் துளிகள் கார் மேல் மேடும் பள்ளமுமாக விழுகின்றன. பரப்பு இழுவிசை அந்த மேடுகளை இழுத்துச் சமமாக்கப் பார்க்கிறது, பெயின்டின் பாகுத்தன்மை தடுக்கிறது. எவ்வளவு சீக்கிரம் சமமாகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. படலத்தின் தடிமன் இரண்டு மடங்கானால் சமமாகும் வேகம் எட்டு மடங்காகிறது. மேடுகளுக்கு இடையிலான தூரம் இரண்டு மடங்கானால் வேகம் பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. பயந்து பயந்து மெல்லிசாக அடிக்கிறவருக்கு ஆரஞ்சுத் தோல் வருவது ஏன் என்று இப்போது புரியும்: தடிமன் போதவில்லை, சமமாவதற்குள் பெயின்ட் கெட்டியாகிவிட்டது. அப்படியானால் தடிமனாக அடித்துவிடலாமே என்றால், செங்குத்தான கதவில் பெயின்ட் வழிந்து ஓடும் அளவும் அதே எட்டு மடங்குக் கணக்கில்தான் கூடுகிறது. பளபளப்புக்கும் வழிதலுக்கும் நடுவே உள்ள சந்து அவ்வளவு குறுகல். அதனால்தான் தேர்ந்த கை ஒரே கோட்டில் முடிக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று ஈரக் கோட்டாகப் பிரித்து, நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுகிறது. அந்த நேரத்தில் கரைப்பான் பாதி வெளியேற வேண்டும். பொறுக்காமல் அடுத்ததை அடித்தால், உள்ளே மாட்டிய கரைப்பான் பிறகு கொப்புளமாக வெடித்துக் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை விடும்.

கிளியர் கோட் பற்றி ஒரு விஷயத்தை உரக்கவே சொல்ல வேண்டும். இன்றைய கிளியர் கோட் இரண்டு பாகம்: பிசின் ஒன்று, ஹார்டனர் ஒன்று. ஹார்டனரில் இருப்பவை ஐசோசயனேட்டுகள். குட்டை மூலக்கூறுகளைப் பிணைத்து, தின்னருக்கும் பெட்ரோலுக்கும் அசையாத ஒரே வலையாக மாற்றுவது அவைதான். காற்றில் துளியாகப் பறந்து நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவை உண்டாக்குவதும் அவைதான். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலைக் கிளப்பப் போதும். வாசனையை நம்பி எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது, ஆபத்தான அளவிலும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். துணி மாஸ்க் இங்கே எதற்கும் உதவாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி, கையுறை, முழு உடல் உடுப்பு, நல்ல காற்றோட்டம் எல்லாம் இருந்தால் வீட்டில் அடிக்கலாம். இல்லையென்றால் பேஸ் கோட் வரை நீங்கள் அடித்து, கிளியரை மட்டும் பெயின்ட் பூத் உள்ள கடையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். அதிலும் நேரம் பார்க்க வேண்டும். பேஸ் கோட் டப்பாவில் குறித்திருக்கும் அவகாசத்துக்குள் கிளியர் விழாவிட்டால் இரண்டும் சரியாகப் பிடித்துக்கொள்ளாது.

ஜிடிஓவின் மூக்கில் மட்டும் வேறு கதை. 1968இலிருந்து அதன் முன் பம்பர் குரோம் இல்லாமல், கார் நிறத்திலேயே, எண்டுரா என்ற ரப்பர் போன்ற பொருளால் மூடி வந்தது. லேசாக இடித்தால் உள்ளே போய்த் திரும்பும். அதன் மேல் அடிக்கும் பெயின்டும் கூடவே வளைய வேண்டும். இன்று அதற்கென்றே நெகிழ்வு தரும் திரவம் கலந்து அடிக்கிறார்கள். மறந்தால் முதல் இடியிலேயே பெயின்ட் விரிசல் விடும்.

சரி, எழுத்துக்கு வருவோம். 1969இல் வந்த ஜிடிஓ ஜட்ஜ் மாடலில் பக்கவாட்டுப் பெயர் ஒட்டுப்படம்தான். ஆனால் அதே காலத்தில் கால் மைல் தூரம் நேர்க்கோட்டில் பாயும் டிராக் பந்தயங்களில் ஓடிய கார்களைப் பாருங்கள்: கதவில் காரின் பட்டப்பெயர், ஓட்டுநர் பெயர், ஸ்பான்சர் கடையின் பெயர், எல்லாம் கடைப்பலகை எழுதுகிற ஓவியர்கள் பிரஷ் பிடித்து எழுதியவை. வீட்டில் இதைச் செய்வது நினைப்பதைவிட எளிது. காரணம், எழுத்துக்குப் பயன்படுவது பழைய எண்ணெய் வழி எனாமல், கீழே இருப்பதோ இறுகிய கிளியர். அமெரிக்கப் பலகை ஓவியர்கள் ஒன் ஷாட் என்ற எனாமலைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். நிறமி அடர்த்தியானது, ஒரே இழுப்பில் அடியை மறைத்துவிடும். அது காற்றின் ஆக்சிஜனை எடுத்து மெதுவாக இறுகுகிறது. அதுவரை, தவறிய ஒரு கோட்டை மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்தால் சுத்தமாக வந்துவிடும், அடியில் உள்ள கிளியருக்கு ஒன்றும் ஆகாது. ஒருவன் பத்து முறை எழுதி ஒன்பது முறை அழிக்கலாம். இவ்வளவு தாராளமாக மன்னிக்கும் வேலை கார் பெயின்டிங்கில் வேறு இல்லை.

முதலில் தாளில் எழுத்தை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, தாளைக் கதவில் ஒட்டி, சுண்ணப்பொடி அல்லது கரித்தூள் முடிச்சால் தட்டினால் புள்ளிக்கோலம்போல வடிவம் இறங்கிவிடும். பிரஷ் அணில் முடியில் செய்தது, நீள முடி. நிறையப் பெயின்டைத் தாங்கிக்கொண்டு ஒரே கோட்டை அறுபடாமல் இழுக்க அதுதான் தோது. ஒரு கையில் நுனியில் பஞ்சு கட்டிய குச்சி, அதன் மேல் எழுதும் கையின் மணிக்கட்டு. பிரஷ் முடிகள் விட்டுச்செல்லும் கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை மிக நெருக்கமானவை, மேலே சொன்ன பதினாறு மடங்குக் கணக்கு இங்கே நமக்குச் சாதகம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும்.

எழுத்தின் மேல் கிளியர் அடிக்க நினைத்தால்தான் வம்பு. எனாமல் மேலே தோல் கட்டி அடியில் அரைகுறையாக இருக்கும்போது கிளியரின் கரைப்பான் அதற்குள் இறங்கினால், தோல் ஊறி விரியும். கீழே ஒட்டிக்கொண்டிருப்பதால் பக்கவாட்டில் போக இடமில்லை, மேலே எழுந்து சுருங்கிவிடும். எனாமலிலேயே அதற்கான ஹார்டனரைக் கலந்து எழுதி நன்றாக இறுக விடலாம். அல்லது கிளியரே அடிக்காமல் எழுத்தை மேலேயே விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். விரலால் தடவினால் எழுத்தின் விளிம்பு தட்டுப்படும், கை எழுதியது என்று தெரியும்.

மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டி எழுதுவதும் பந்தயக் கார்களில் உண்டு. தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். மூச்சு விட்டால் பறந்துவிடும். அதை ஒட்டும் பசையும் எனாமலைப் போலவே ஆக்சிஜனால் இறுகும் எண்ணெய் வார்னிஷ். ஈரமாக இருக்கும்போது வைத்தால் தங்கம் மூழ்கி மங்கிவிடும், முழுக்க இறுகிய பின் வைத்தால் ஒட்டாது. நடுவில் ஒரு பொழுது இருக்கிறது, அன்றைய வெயிலையும் ஈரத்தையும் பொறுத்து அது நகர்ந்துகொண்டே போகும். ஓவியர் மடக்கிய விரலின் கணுவைப் பசைமேல் மெல்ல வைத்து எடுப்பார். விரலில் ஒன்றும் ஒட்டாமல், எடுக்கும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால், தங்கத்தை எடுப்பார்.