புதுத் தாடை பிழைக்க வேண்டுமானால்

வாய்ப் புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால், அந்த இடத்தை நிரப்பப் பெரும்பாலும் காலிலிருந்துதான் எலும்பு எடுக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பு அது. உடல் எடையைத் தாங்குவது பக்கத்திலுள்ள பெரிய எலும்பு என்பதால், இதன் நடுப்பகுதி போனாலும் நடக்கலாம்.

எலும்பை மட்டும் எடுத்தால் போதாது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனி, திரும்பக் கொண்டுபோகும் சிரை, கூடவே கொஞ்சம் தோல் எல்லாம் சேர்ந்து வரவேண்டும். தாடை வடிவத்துக்கு எலும்பை அறுத்துப் பொருத்தியபின், கழுத்து ரத்தக் குழாய்களோடு அவற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைக்கிறார்கள். குழாயின் அகலம் ஏறக்குறைய 2, 3 மில்லிமீட்டர்தான். தையல் நூல் தலைமுடியைவிட மெல்லியது.

முதல் சில நாட்கள்தான் கண்டம். செவிலியர் மணிக்கொரு தரம் வந்து, காலிலிருந்து எடுத்து வைத்த அந்தத் தோலை விரலால் அழுத்திப் பார்ப்பார். வெளுத்த இடம் சுமார் 2 நொடியில் பழைய நிறத்துக்கு வரவேண்டும். வெளிறியே கிடந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாரித்தால் வெளியே போகவில்லை. உடனே மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர்தான்.

இத்தனை பாடுபட்டுத் தைத்ததை பீடியும் சிகரெட்டும் கெடுத்துவிடும். நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. புகையிலையை வாயில் அடக்குகிறவருக்குப் புகை இல்லையே தவிர, நிகோடின் அதேதான். ஆபரேஷனுக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் புற்றுநோய் அவ்வளவு நாள் காத்திருக்காது. அதனால் நோய் உறுதியான அன்றே நிறுத்திவிட வேண்டும். என்னைக் கேட்டால், அன்று மருத்துவர் பேசவேண்டிய முதல் விஷயமே இதுதான். ஒரு நாள் விட்டாலே கார்பன் மோனாக்சைடு பெருமளவு வெளியேறிவிடும்.

அப்புறம் சாப்பாடு. 'முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும்' என்று நம் வீடுகளில் பத்தியம் வைக்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் பலன் நேர்மாறு. புண்ணை மூடும் கொலாஜனே ஒரு புரதம். 50 கிலோ எடையுள்ளவருக்கு இந்த நேரத்தில் தினமும் 60 முதல் 75 கிராம் புரதம் தேவைப்படும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். வாய் திறக்க முடியாமல் ஏற்கெனவே இளைத்துப்போனவருக்குக் கஞ்சி மட்டும் எப்படிப் போதும்? பருப்பு, மீன், கோழி எதுவானாலும் வேகவைத்து அரைத்துக் கொடுக்கலாம். அதுவும் இறங்கவில்லை என்றால், ஆபரேஷனுக்கு முன்பே மூக்குவழிக் குழாயில் உணவு கொடுக்கலாம்.

சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும், கிருமித் தொற்று எளிதாகும். அதையும் முன்னாலேயே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முந்தின நாள் வீட்டில் கால் முடியைச் சவரம் செய்துகொண்டு போகாதீர்கள். பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடியை எடுத்தே ஆகவேண்டுமென்றால் மருத்துவமனையிலேயே கிளிப்பரால் எடுத்துவிடுவார்கள்.