கைப்பேசிப் படத்துக்கு வெயில் தெரியாது

நிலத்தோற்ற வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்காக எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். பெரும்பாலோர் கையில் ஒரு படத்தொகுப்பு இருக்கும்: லண்டன் பூங்கா, பாலித் தீவு விடுதி, ஜப்பானியக் கல் தோட்டம். எல்லாம் அழகுதான். எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு எடுத்த படம் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. அந்தப் படங்களைப் பார்த்து வரைந்த தோட்டங்கள் சென்னையில் ஒரு கத்திரி வெயிலைத் தாண்டுவதே பெரும்பாடு. காய்ந்த புல்தரைக்கு லாரித் தண்ணீர் வாங்குபவர் வீட்டுக்காரர்; வரைந்தவர் அதற்குள் அடுத்த படத்துக்குப் போயிருப்பார்.

ஆகவே முதல் வாரம் கைப்பேசியை ஓரம் வைத்துவிட்டு, மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழலைக் குறிக்கச் சொல்கிறேன். இதைவிட அதிகம் கற்றுத்தரும் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. டிசம்பர் 21 உச்சிவேளையில் அந்தக் குச்சியின் நிழல் வடக்கே சுமார் 74 செ.மீ. நீளும். ஏப்ரல் 24, 25 வாக்கில் உச்சிவேளை நிழலே இருக்காது. ஜூன் 21 அன்று நிழல் தெற்குப் பக்கம் விழும், சுமார் 18 செ.மீ. அதாவது சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் நிழலற்ற நண்பகல். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் வரும் கணக்கு இது. ஐரோப்பாவில் எழுதிய பாடநூலை நம்பி, வடக்குச் சுவரோரம் எப்போதும் நிழல் என்று பெரணிகளை வரிசையாக நடுகிறார்கள். ஜூனில் அவை கருகியதும் தோட்டக்காரர்தான் திட்டு வாங்குகிறார்.

இதிலிருந்து இன்னொரு பயிற்சி பிறக்கிறது: நிழலை முதலில் வரை, மரத்தைப் பிறகு வை. மே மாதம் பிற்பகல் 3 மணிக்கு ஒரு பெஞ்சில் நிழல் வேண்டும். மரம் எங்கே நிற்க வேண்டும்? பெஞ்சை ஒட்டியே மரத்தை வரையாத மாணவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் சூரியன் மேற்கில், கொஞ்சம் வடக்கே சாய்ந்து, ஏறக்குறைய 45 பாகை உயரத்தில் இருக்கும். மரத்தின் உயரம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் கிழக்கே தள்ளித்தான் கிளைப்பரப்பின் நிழல் விழும். பெஞ்சும் மரமும் பிரிந்து நிற்கும் அந்த இடைவெளியில் என்ன செய்வது என்ற கேள்வியில்தான் வடிவமைப்பு தொடங்குகிறது.

அடுத்த பாடம் ஏரி. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஏதாவது ஓர் ஏரிக்குப் போய், ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயிலிருந்து, ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டு வயல்வரை ஒரே குறுக்குவெட்டாக வரைய வேண்டும். நீர்ப்பிடிப்பு, கரை, கரைமேல் பனை, மதகு, உபரி நீர் வழிந்தோடும் கலங்கல் எல்லாம் அதில் வர வேண்டும். கலங்கலின் மட்டம் ஓர் அடி கூடினால் எந்த நிலம் மூழ்கும் என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கார்த்திகையில் குளமாகவும் சித்திரையில் கிரிக்கெட் மைதானமாகவும் ஒரே நிலம் இருக்க முடியும் என்பதை ஏரிப் படுகை காட்டிவிடுகிறது. அதை வரைந்த கை, அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுமுற்றத்தை ஆண்டு முழுவதும் பச்சையாக வைத்திருக்க மெனக்கெடாது.

சங்கப் பாடல்களிலிருந்து உந்துதல் பெறலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் பூங்காவின் ஐந்து மூலைகளுக்குக் குறிஞ்சி, முல்லை என்று பெயர்ப்பலகை வைக்கும் பிராஜெக்டுகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நெய்தல் பாடல்களில் வரும் அடும்பு, தாழை, ஞாழல், புன்னை ஆகியவற்றை எழுதிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். எது இன்னும் இருக்கிறது, மணலில் எங்கிருந்து தொடங்குகிறது, கடலிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று அளந்து வாருங்கள். மணலை இறுக்கிப் பிடித்துப் படரும் அடும்பங்கொடியை ஒருமுறை வரைந்து பார்த்தவர், கடலோர விடுதிக்குக் கொரியப் புல் என்ற புல்தரைப் புல்லை எழுதிக் கொடுக்கத் தயங்குவார்.

பிரேசிலின் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் பற்றி மாணவர்களிடம் அடிக்கடி பேசுவேன். 1928இல் குடும்பத்தோடு பெர்லின் போனவர், அங்கே ஓவியம் படித்தார். டாலம் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீடுகளில்தான் தன் நாட்டுச் செடிகளின் அழகை முதன்முதலாக உணர்ந்தார். ஊரில் அவற்றை யாரும் தோட்டத்தில் வைப்பதில்லை; ஐரோப்பியச் செடிகளுக்குத்தான் மரியாதை. திரும்பி வந்து, பிரேசில் காட்டுச் செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றைக் கொண்டே உலகறிந்த தோட்டங்களை அமைத்தார். நம் மாணவர்கள் அவருடைய வளைகோடுகளை மட்டும் நகலெடுக்கிறார்கள். செடி தேடிய பழக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு பயிற்சி உண்டு. ஊர்ச் செடிகளின் பட்டியலோடு நர்சரிக்குப் போய் விலை கேளுங்கள். ஆந்திராவின் கடியத்திலிருந்து வந்திறங்கும் அலங்காரச் செடிகள் குவிந்து கிடக்கும். குஜராத் அரசு 2023இல் நடத் தடை விதித்த கொனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரம்கூடத் தென்படலாம். நொச்சிக்கும் ஆவாரைக்கும் உதடு பிதுக்குவார்கள். கிடைக்காத செடியைப் பிளானில் எழுதினால், ஒப்பந்தக்காரர் தனக்குக் கிடைத்ததை நட்டுவிட்டுப் போவார்; ஆகவே இதையும் மாணவராக இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஆவாரை நெற்று சாலையோரத்திலேயே கிடைக்கும். விதைத்தோல் கெட்டியானது. மணல்தாளில் லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். முளைத்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை அதே செடியை, அதே அளவுகோலில், தேதி போட்டு வரையுங்கள். வேலைக்கு நேர்காணல் வரும்போது போர்ட்ஃபோலியோவின் மேல் அந்த நோட்டை வையுங்கள். நான் அதைத்தான் முதலில் புரட்டுவேன்.