இளஞ்சோளமும் மரவள்ளித் தோலும்: மென்ற பிறகு உருவாகும் நஞ்சு

மழை தள்ளிப்போய்ச் சோளப்பயிர் முழங்கால் உயரத்திலேயே வாடி நிற்கும் நாட்களில் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு அடிக்கடி வரும் அழைப்பு இது: "டாக்டர், நல்லா மேஞ்சுக்கிட்டிருந்த மாடு திடீர்னு விழுந்துடுச்சு." பாம்பு கடித்திருக்கும், இல்லையென்றால் வயிற்று உப்புசம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மேய்ந்த காட்டைப் போய்ப் பார்த்தால், அறுத்த கட்டையில் துளிர்த்த சோளக் கொழுந்து கடிபட்டுக் கிடக்கும்.

மாட்டை விழவைத்தது அந்தக் கொழுந்திலிருந்து வந்த சயனைடு நஞ்சு. ஆனால் சோளத்தில் சயனைடு தயாராக இருப்பதில்லை. துரின் என்ற சேர்மமாக, சர்க்கரையோடு பிணைந்து, இலையின் மேல்தோல் செல்களில் அடைபட்டிருக்கிறது. அதை உடைக்கும் துரினேஸ் நொதி இருப்பது உட்புறச் செல்களில். மாடு மென்றதும் செல்கள் நசுங்கி இரண்டும் கலக்கின்றன. நொதி சர்க்கரையை வெட்டிவிட, மிச்சம் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியேறுகிறது. அசைபோடும் கால்நடைகளின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகளும் இதே வேலையைச் செய்வதால் ஆபத்து இன்னும் கூடுகிறது. சயனைடு ஏறிவிட்டால், ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் மாட்டின் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. மூச்சு வாங்கும், உடல் நடுங்கும். ஈறு பளிச்சென்று சிவந்திருக்கும்.

கொழுந்திலும், வறட்சியில் வாடிய பயிரிலும், யூரியா அதிகம் போட்ட பயிரிலும் துரின் கூடுதல். பூக்கும்வரை பச்சையாக மேய விடாதீர்கள்.

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளியிலும் இதே கதைதான். அங்கே சேர்மம் லினமாரின், நொதி லினமரேஸ். சதையைவிடத் தோலிலும் இலையிலும் அதிகம். ஆனால் இந்த நொதியை நமக்காகவே வேலை வாங்கலாம். தோலைச் சிறிதாக நறுக்கி, மெல்லியதாகப் பரப்பிக் காயவையுங்கள். நொதி வயிற்றுக்கு வெளியிலேயே வேலையை முடித்துவிடும். சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் சயனைடு காற்றோடு போய்விடும். குவியலாகக் கிடந்து அரைகுறையாக வாடிய தோல் வேண்டவே வேண்டாம். நேரே கொதிநீரில் போட்டாலும் நொதி முதலில் செயலிழந்து, லினமாரின் உடையாமல் தங்கிவிடும். வேகவைத்தால் அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள்.

மாடு விழுந்துவிட்டால் வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நரம்பு வழியே சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஏற்ற வேண்டும். தயோசல்பேட் தரும் கந்தகத்தை வைத்து, மாட்டின் ஈரலில் இருக்கும் ரோடனேஸ் என்ற நொதி சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிவிடும்; அது சிறுநீரில் வெளியேறும். சில நிமிடங்கள் தாமதித்தாலே மாடு கைவிட்டுப் போகும். கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழைத்ததும், என்ன மேய்ந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். சரியான மருந்தோடு கிளம்ப முடியும்.